என் மண்ணோட பொட்டாஷை யார் திருப்பித் தருவாங்க?

"சுழற்சிப் பொருளாதாரம்" என்ற வார்த்தை இப்போது எங்கள் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு கருத்தரங்கு, சென்னையில் ஒரு மாநாடு, மேடைக்குப் பின்னால் கலர் கலராக ஒரு வட்டம். எடு, செய், வீசு என்று நேர்கோட்டில் போகாமல் கழிவையே திரும்ப மூலப்பொருளாக்கிச் சுற்றவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நல்ல விஷயந்தானுங்க, யாரு வேண்டாம்னாங்க? ஐரோப்பிய ஒன்றியம் 2015-லேயே இதற்கு ஒரு செயல்திட்டம் போட்டுவிட்டது. இப்போது "வளரும் நாடுகளும் இதைக் கத்துக்கணும், கிராமங்களுக்கும் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்" என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

கொண்டுபோய்ச் சேர்க்கணுமாம். இந்த இடத்துலதான் எனக்குக் கோபம் வருது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருக்கிற விவசாயி நான். எங்கள் தோட்டத்தில் வட்டத்தை யாரும் புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருந்தது, பாதி இன்னும் இருக்கிறது. அது எங்கே அறுந்தது, யார் அறுத்தார்கள், அறுத்தவர்களே எப்படி எங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறார்கள் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். நகரத்தில் இருந்து படிக்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திட்டு விழும். ஆனா காரணத்தோடதான் விழும்.

தென்னை மரத்துக் கணக்கு

ஒரு தென்னையில் வீணாவது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். பருப்பு கொப்பரையாகி எண்ணெயாகும். ஆட்டின பிறகு புண்ணாக்கு மாட்டுக்கு. கொட்டாங்குச்சி கரியாகும். மட்டை நாராகும். ஓலை தடுக்காகும், ஈர்க்கு சீமாறாகும். பாளையும் பன்னாடையும் அடுப்புக்கு. அடுப்புச் சாம்பல் திரும்பத் தோட்டத்துக்கு. மாட்டுச் சாணி கட்டுத்தரையில் இருந்து எருக்குழிக்கு, குழியில் இருந்து மரத்தடிக்கு. கோடையில் செம்மறி ஆட்டுப் பட்டி போடுவார்கள். ராத்திரி பூராவும் ஆடுகள் காட்டில் படுத்துக் கிடக்கும், விடிந்தால் எரு போட்ட காடு. குளம் வற்றினால் வண்டல் மண் வண்டி வண்டியாக வரும். இதுக்கெல்லாம் யாரும் படம் போட்டுக் காட்டலைங்க.

இதில் அடுப்புச் சாம்பல் முக்கியம். சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது. சொல்லப்போனால் பொட்டாஷ் என்ற பெயரே, அந்தக் காலத்தில் மரச்சாம்பலைப் பானையில் கரைத்துக் காய்ச்சி எடுத்ததால் வந்த ஆங்கிலப் பெயர்தான். தென்னைக்கு எல்லாச் சத்தையும் விட அதிகமாகத் தேவைப்படுவது இது. காய் வெட்டி அனுப்பும்போது மண்ணில் இருந்து அதிகமாக வெளியே போவதும் இதுதான். அதுவும் பெரும்பங்கு மட்டையில் போகிறது.

வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசைப் பாருங்கள். காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், கூடவே 50 கிலோ தொழுவுரம். ஏக்கருக்கு 70 மரம் என்றால் பொட்டாஷ் மட்டும் 140 கிலோ. ஏறக்குறைய மூன்று மூட்டை. அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது? இந்தியா தன் பொட்டாஷ் உரத்துக்கு முழுக்க முழுக்க இறக்குமதியைத்தான் நம்பி இருக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான். 2022-ல் உக்ரைனில் குண்டு விழுந்தது, இங்கே பொள்ளாச்சிக் கடையில் பொட்டாஷ் மூட்டை விலை ஏறியது. அந்தச் சண்டைக்கும் எங்க தென்னைக்கும் என்னங்க சம்பந்தம்? இருக்குது. மண்ணுக்குத் திரும்ப வேண்டியது திரும்பாததால் வந்த சம்பந்தம்.

மட்டை போன கதை

இப்போ அந்த மட்டைக்கு வருவோம். மட்டை நார் மில்லுக்குப் போகிறது. அடித்தால் மூன்றில் ஒரு பங்குதான் நார். மீதி பொடியாக நார்க்கழிவு. ஒரு காலத்தில் இதை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். இன்று அது கட்டியாக அமுக்கப்பட்டு கப்பல் ஏறுகிறது. நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் பசுமைக்குடிலுக்குள் மண்ணே இல்லாமல் தக்காளியும் குடைமிளகாயும் வளர்க்கிறார்கள். அதற்கு இதுதான் படுக்கை. முன்பு அங்கே ஈரநிலங்களைத் தோண்டி பீட் எடுத்துப் பயன்படுத்தினார்கள். இப்போது நம் தேங்காய்க் கழிவு அந்த ஈரநிலங்களைக் காப்பாற்றுகிறதாம். "கழிவில் இருந்து செல்வம்" என்று சுழற்சிப் பொருளாதாரக் கூட்டங்களில் கைதட்டல் வாங்குகிற உதாரணம் இது.

கைதட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேளுங்க. நார்க்கழிவில் உப்பு இருந்தால் அங்கே செடி வளராது. அதனால் ஏற்றுமதிக்கு முன்னால் இங்கேயே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். திரும்பத் திரும்பக் கழுவி உப்புக் குறைந்த பிறகுதான் விலை. அப்படிக் கழுவும்போது கரைந்து போகிற உப்பில் பெரிய பங்கு எது தெரியுமா? பொட்டாஷ்.

என் மரம் என் மண்ணில் இருந்து உறிஞ்சின பொட்டாஷ், என் ஊர் நிலத்தடி நீரில் கரைந்து, என் ஊர் நிலத்துக்குள்ளேயே சாயமும் உப்புமாக இறங்குகிறது. சில இடங்களில் போர் தண்ணியை டம்ளரில் பிடித்தால் டீ டிகாஷன் மாதிரி இருக்கிறது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. சுத்தமான, உப்பில்லாத நார்க்கழிவு ஐரோப்பாவுக்கு. உப்பும் சாயத்தண்ணியும் எனக்கு. அப்புறம் நான் டவுனுக்குப் போய் கனடாப் பொட்டாஷை மூட்டை வாங்கி வந்து மரத்தடியில் போடுகிறேன்.

இதைத்தான் சுழற்சி என்கிறார்கள். சுத்துறது உண்மைதானுங்க. ஆனா யாரைச் சுத்தி?

நார் மில்லை மூடச் சொல்லவில்லை. அதை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பம் பிழைக்கிறது, என் மட்டைக்கும் அதனால்தான் விலை கிடைக்கிறது. கழுவின தண்ணீரை வெறும் மண்ணில் விடாமல் தொட்டி கட்டிப் பிடித்து, சுத்தம் செய்து, திரும்பப் பயன்படுத்தச் சொல்கிறேன். அந்தச் செலவை, "பசுமைத் தக்காளி" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவன் தருகிற விலையில் இருந்து எடுக்கச் சொல்கிறேன். செலவு என் கிணற்றின் தலையில், நல்ல பெயர் அவன் கடையில் என்றால் அதற்குப் பெயர் வட்டம் இல்லை.

உங்க வீட்டுக் குப்பை

ஐரோப்பாவைத் திட்டியதும் நகரத்து நண்பர்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இருங்க, உங்க கிட்டதான் வர்றேன். ஐரோப்பா எங்களுக்குச் செய்வதைத்தான் நீங்களும் தினமும் காலையில் எட்டு மணிக்கு வாசலில் நின்று செய்கிறீர்கள்.

கோயமுத்தூர் மாநகரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் குப்பை. நம்ம ஊர்க் குப்பையில் பாதிக்குப் பாதி ஈரக்குப்பை. அது என்னது? நாங்கள் அனுப்பின வாழைப்பழத்தின் தோல், தேங்காய் மூடி, முட்டைக்கோஸ் இலை, மீந்த சோறு. எங்கள் தோட்டத்து எரு அது. அது போகிற இடம் வெள்ளலூர் குப்பைக்கிடங்கு. சென்னையில் என்றால் கொடுங்கையூர், பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். அந்தச் சதுப்புநிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்தது 2022-ல். அதே வருஷம் ஏப்ரலில்தான் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் எரிந்தது. வாழைத்தோல் தானாகத் தீப்பிடிக்காது. காற்றில்லாமல் பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் புதைத்தால் அது மீத்தேனாக மாறும், அது பிடிக்கும். எருவாக வேண்டியதை எரிவாயுவாக்கி, வெள்ளலூர்க்காரங்க மூச்சுக்குள்ள அனுப்புறீங்க.

"அதை உரமாக்கி விவசாயிக்குக் கொடுக்கலாமே" என்று கேட்பீர்கள். கொடுத்தாங்க. ஒரு நகராட்சியில் இருந்து எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு டிராக்டர் மக்கின உரம் வந்தது. கறுப்பாக, பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஒரு மழை பெய்து மேல்மண் கழுவின பிறகு பார்த்தால் கண்ணாடிச் சில்லு, பிளேடு, ஊசி, ஷாம்பு பாக்கெட், பல்பு ஓடு. களை எடுக்க வந்த அக்காவுக்குக் கால் கிழிந்து தையல் போட்டார்கள். அதன்பிறகு எங்கள் ஊரில் அந்த உரத்தை யாரும் ஓசியில் கூட வாங்குவதில்லை. கண்ணாடியாவது கண்ணுக்குத் தெரியும். பேட்டரியில் இருந்து இறங்கின காரீயமும் காட்மியமும் தெரியாது. அது மண்ணுக்குள் போய், கீரையில் ஏறி, திரும்ப உங்கள் தட்டுக்கே வரும். நீங்கள் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிற ஒரே முழு வட்டம் அதுதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. இரண்டு வாளி போதும். 2000-ல் வந்த நகர்ப்புறக் குப்பை விதிகளிலேயே தரம் பிரிப்பது பற்றி இருக்கிறது. 2016 விதிகள் வீட்டிலேயே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. எத்தனை வருஷம் ஆச்சு! செவ்வாய் கிரகத்துக்குச் செயற்கைக்கோள் அனுப்பின நாட்டில் வாழைத்தோலையும் பால் கவரையும் தனித்தனியாகப் போட ஆளில்லை. இதில் நாங்கள் கத்துக்கணுமாம்.

அரசாங்கத்தையும் சும்மா விடக்கூடாது. 2022-23-ல் உர மானியத்துக்கு மத்திய அரசு செலவழித்தது இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 45 கிலோ யூரியா மூட்டை எனக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் இன்றைக்கு விவசாயம் ஓடாது. ஆனால் நகரத்து மக்கு உரத்துக்கு 2016-ல் அறிவித்த உதவி டன்னுக்கு 1500 ரூபாய். கப்பலில் வருகிற உரத்துக்கு லட்சம் கோடி, நம்ம ஊர்க் குப்பையில் கிடக்கிற உரத்துக்கு டன்னுக்கு 1500. அக்கறை எந்தப் பக்கம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பேரீச்சம்பழம் வாங்காத பொருள்

"ஏழை நாட்டுல மறுசுழற்சிக்கெல்லாம் வசதி ஏதுங்க" என்று சிலர் சொல்வார்கள். ஏழைகள்தான் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று சைக்கிளில் கூவிக்கொண்டு வந்தவரை ஞாபகம் இருக்கிறதா? அவர்தான் இந்த நாட்டின் சுழற்சிப் பொருளாதார அமைச்சர். இரும்பு, பேப்பர், பாட்டில், பால் கவர் வரைக்கும் விலை இருக்கிற எதையும் அவர் ரோட்டில் விட்டதில்லை.

அவர் தொடாத பொருள் எது? ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், பான் மசாலா பாக்கெட். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் விற்பதற்கு முன்னோடியே நம்ம கடலூர்தான். ஏழையும் ஷாம்பு வாங்கலாம் என்று அன்றைக்குப் பாராட்டினார்கள். ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக்கைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது, அதனால் பேரீச்சம்பழமும் கிடைக்காது. 2016 பிளாஸ்டிக் விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்தில் ஒழிக்க வேண்டும் என்று சொன்னன. இரண்டு வருஷம் முடிகிற நேரத்தில், 2018-ல், விதியையே திருத்திவிட்டார்கள். எரித்து ஆற்றல் எடுக்க முடியும், வேறு எதற்காவது பயன்படும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று. எரிக்க முடியாத பிளாஸ்டிக் எதுங்க இருக்கு?

எரிப்பது வட்டமில்லை. அது நேர்கோட்டின் கடைசிப் புள்ளி. சிமெண்ட் ஆலைச் சூளையில் எரித்தாலும், மின்சார உலையில் எரித்தாலும் பொருள் முடிந்து போகிறது, சாம்பலும் புகையும் மிஞ்சுகிறது. எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலையாவது தென்னைக்குப் போடலாம், இந்தச் சாம்பலை எங்கே போடுவீர்கள்? அதுவும் உலைக்குத் தினமும் தீனி வேண்டும். ஈரக்குப்பை உள்ளே போனால் சரியாக எரியவும் எரியாது. ஒருமுறை உலையைக் கட்டிவிட்டால் குப்பையைக் குறைக்கிறவன் அதற்கு எதிரியாகிவிடுவான்.

இதே விளையாட்டை நாடுகளுக்கு நடுவிலும் பார்க்கிறோம். 2018-ல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியதும் அது மலேசியாவுக்கும் வியட்நாமுக்கும் திரும்பியது. அனுப்பின நாட்டின் கணக்கில் அது "மறுசுழற்சி". இறங்கின ஊரின் கணக்கில் அது குப்பை. வளர்ந்த நாடு வளரும் நாட்டுக்கு அனுப்புகிறது, நகரம் கிராமத்துக்கு அனுப்புகிறது. பின்னாடி வெள்ளலூர் இருக்கிற வரைக்கும் உங்க தெரு சுத்தமாத்தான் இருக்கும்.

பழைய வட்டத்தின் கறை

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "உங்க பழைய கிராமத்து வட்டம் மட்டும் யோக்கியமா?" என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. அந்த வட்டத்தைத் தோளில் சுமந்தது யார்? செத்த மாட்டைத் தூக்கினது யார்? தோலைப் பதப்படுத்திச் செருப்பும் கமலைப் பறியும் தைத்துக் கொடுத்தது யார்? எங்கள் கொங்கு நாட்டில் அருந்ததிய மக்கள். அவர்களுக்குக் கிடைத்தது படித் தவசமும் ஊருக்கு வெளியே ஒரு சேரியும். கழிவு வட்டமாகச் சுற்றியது, அதைத் தூக்கினவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். அந்த வட்டம் திரும்ப வரக்கூடாது. பழம்பெருமை பேசி அதை விற்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் நகரம் அதை விட்டுவிட்டதா? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். இன்னும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறார்கள். நீங்கள் கலந்துகட்டிக் கொடுக்கிற குப்பையை வெறுங்கையால் கிளறிப் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் சமையலறையில் பத்து வினாடியில் முடிகிற வேலையை இன்னொருத்தர் கையில் புண்ணாக மாற்றுகிறீர்கள். தரம் பிரிப்பதை நான் உரத்துக்காக மட்டும் கேட்கவில்லை.

நொய்யல் சொல்கிற பாடம்

சரி, அறுந்த வட்டத்தை ஒட்டவே முடியாதா? முடியும். நம்ம பக்கத்துலயே ஒட்டிக் காட்டியிருக்காங்க.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது சாயக்கழிவாகப் போனது உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்குகிற தொட்டியானது. அணையில் தண்ணி விடாதீங்க என்று விவசாயியே கெஞ்சின கொடுமை அங்கே நடந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். திருப்பூரே முடிந்தது என்றார்கள். முடியவில்லை. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பட்டறைக்கே அனுப்பினார்கள், அதில் இருந்த உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்தினார்கள். இன்றைக்கு அதே திருப்பூர் அதைப் பெருமையாகச் சொல்லி வெளிநாட்டில் ஆர்டர் வாங்குகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இறங்கின விஷமும் நிலத்தை விட்டு முழுசாகப் போகவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் நடந்த பெரிய சுழற்சி மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதைக் கொண்டுவந்தது கருத்தரங்கு இல்லை, விருது இல்லை. கோவணம் கட்டின விவசாயி போட்ட கேஸ். கழிவை வெளியே தள்ளினால் தொழிலே ஓடாது என்ற நிலை வந்ததும் வழி தானாகத் தெரிந்தது. வெளியே தள்ள ஒரு இளிச்சவாயன் கிடைக்கிற வரைக்கும் எந்த வட்டமும் மூடாது.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஈரக்குப்பையை இன்றைக்கு ராத்திரியில் இருந்து தனி வாளியில் போடுங்கள். உங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்ததும் ஐந்து நிமிஷம் இதைப் பேசுங்கள். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலக்கினால், வண்டிக்காரரை விட்டுவிட்டு கவுன்சிலரைக் கேளுங்கள். உங்கள் வார்டுக் குப்பை எந்த ஊருக்குப் போகிறது என்று ஒரு தடவை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊரில் எரிஉலை வந்தால் எதிர்த்து நில்லுங்கள், எந்த ஊரில் வந்தாலும் நில்லுங்கள்.

கண்ணாடியும் பேட்டரியும் கலக்காத மக்கு உரம் ஒரு லோடு அனுப்பிப் பாருங்கள். வண்டி வாடகையை நான் தருகிறேன், எங்கள் ஊரில் இன்னும் பத்துப் பேர் தருவார்கள். அது வருகிற வரைக்கும், தயவு செய்து, எங்களுக்குச் சுழற்சி பத்தி வகுப்பு எடுக்க யாரும் வராதீங்க.